புதுசுக்கு வைத்த பேர்

செப்டம்பர் 1, திங்கள்

மடுவுக்காட்டில் முதல் நாள். அறக்கட்டளை எனக்குப் பிடித்துக் கொடுத்திருப்பது ஊரின் கடைசி வீடு. பின்கதவைத் திறந்தால் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காப்பகத்துக் காடு. ஓட்டில் இரண்டு இடத்தில் வானம் தெரிகிறது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கல்லைத்தான் முட்டுக் கொடுக்க வேண்டும்.

வேலை சுலபம் என்றார்கள். யானை காட்டை விட்டு இறங்கினால் ஊர்க் காவல் குழு எனக்குச் சொல்லும். எந்த யானை, எந்தப் பக்கம் நிற்கிறது என்று நான் பேசிப் பதிவு செய்து, ஊரிலுள்ள எல்லாப் போன்களுக்கும் ஒரே அமுக்கில் அனுப்ப வேண்டும். சனங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். யானையும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார். இதற்காகத்தான் திருவாரூர்க்காரியை இந்த மலையடிவாரத்தில் கொண்டு வந்து போட்டிருக்கிறார்கள்.

காவல் குழுத் தலைவர் ஆறுச்சாமி வந்து பார்த்தார். தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. வாசல் கல்லில் செருப்பை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவாராம். "எங்கூர்ல யானைக்கெல்லாம் பேரு இருக்குதுங்க மேடம். நீங்க பேரச் சொன்னாப் போதும், சனம் உள்ள போயிரும்" என்றார். நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

யானைகளின் பேர்களை எழுதிக்கொண்டேன். ஒன்றுக்கொன்று வேடிக்கை. மாராத்தாள் என்பது நீளத் தந்தம் வைத்த முரட்டு ஆண். ரங்கசாமி என்பது குட்டியோடு திரியும் தாய். "தந்தத்தைக்கூடப் பாக்காமலா பேர் வச்சீங்க?" என்று கேட்டேன். "அது அப்படி அமைஞ்சு போச்சுங்க" என்று சிரித்தார் ஆறுச்சாமி.

அவருடைய மனைவி ருக்குமணி தையல்காரி. வீட்டு முன்னறையில் ஒரு மிஷின், அதுதான் கடை. "மேடம்னு கூப்புட எனக்கு வாய் வர்ல. சுடருன்னே கூப்புடறேன், கோவிச்சுக்காத" என்றாள். சுடர்க்கொடி என்ற முழுப் பேரை என் அப்பாவைத் தவிர யாரும் சொன்னதில்லை. பிடித்துப்போயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

பொழுது சாயும் நேரத்தில் மாராத்தாள் இறங்கியது. முதல் எச்சரிக்கை அனுப்பினேன். அடடா, இப்படி ஒரு கீழ்ப்படிதலை நான் எங்கும் பார்த்ததில்லை. சட்டென்று ஊர் அணைந்துபோயிற்று. டி.வி. சத்தம் இல்லை, விளக்கு இல்லை, நாயைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டார்கள். குழுச் செயலாளர் குழந்தைவேல் வீட்டில் மாட்டிக்கொண்டேன். அவர் பின்கதவோரம் உட்கார்ந்து மெதுவாக யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். போனில் என்று நினைக்கிறேன்.

காலையில் பார்த்தால் அவர் மக்காச்சோளத்தில் பாதி படுத்துக் கிடந்தது. நஷ்ட ஈட்டுக்கு எழுதலாம் என்றேன். "வேண்டாங்க. வயிறு நெறைஞ்சு போச்சுன்னா சரி" என்றார். முகத்தில் வருத்தம் இல்லை என்பது மட்டுமில்லை, விருந்தாளியை அனுப்பிவிட்டு வந்தவரின் களை இருந்தது. இவ்வூர் மக்களின் சகிப்புத்தன்மை வியப்புக்குரியது என்று அறிக்கையில் எழுதினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒரு புது ஆண் யானை. வலது தந்தம் இல்லை. மற்றவை மாதிரி மேய்ந்துவிட்டுத் திரும்புவதில்லை. வேலியோரம் சும்மா நின்று ஊரைப் பார்க்கிறது. பேர் என்ன என்றேன். "புதுசுங்க" என்றார் ஆறுச்சாமி. புதுசுதான், பேர்? "புதுசுன்னுதானுங்க சொல்லுவோம்."

இதற்கு மட்டும் யாரும் கதவைச் சாத்தவில்லை. தகரத்தைத் தட்டிக்கொண்டும் பட்டாசைக் கொளுத்திக்கொண்டும் ஆண்கள் எல்லாரும் வெளியே ஓடினார்கள். இதைத் தடுக்கத்தான் எனக்குச் சம்பளம். பேர் இருந்தால் உள்ளே போகிறார்கள், இல்லையென்றால் வெளியே ஓடுகிறார்கள். அப்படியானால் பேர் வைத்துவிட வேண்டியதுதானே!

செப்டம்பர் 15, திங்கள்

போகிற வருகிறவர்களிடமெல்லாம் புதுசுக்கு ஒரு பேர் கேட்டேன். ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் மாட்டைப் பார்த்தார். ஒரு பெண்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவள் அம்மா வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

தீபாவளிப் புடவைக்கான ரவிக்கைத் துணியை ருக்குமணியிடம் கொடுத்தேன். மயில்கழுத்து நிறம். "வியாழக்கெழம வா சுடரு, அளவு எடுத்தர்லாம்" என்றாள்.

செப்டம்பர் 17, புதன்

தலைமை அலுவலகம் பட்டியலைக் கேட்டுக் குடைகிறது. பேர்க் கட்டத்தை நிரப்பாவிட்டால் கணினி விடமாட்டேன் என்கிறது. என் பேரையே போட்டுவிட்டேன். பிடிவாதம் இருக்கிறது, ஒற்றைக்கு நிற்கிறது, யார் விரட்டினாலும் போவதில்லை, வேறென்ன பொருத்தம் வேண்டும்? பக்கத்தில் நின்ற ஆறுச்சாமியிடம் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெயிலில் அலைந்த களைப்பாக இருக்கலாம்.

பொழுதோடு அது வந்தது. "சுடர் ஓடைப்பக்கம் நிற்கிறது, எல்லாரும் உள்ளே இருங்கள்" என்று அனுப்பினேன். ஊர் அணைந்தது. ஒரு தகரச் சத்தம் இல்லை. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அளவு கொடுக்கப் போனேன். ருக்குமணி டேப்பைக் கையில் எடுத்தாள், பிறகு சுருட்டி வைத்துவிட்டாள். "அளவு அப்பறம் எடுத்துக்கலாங்க" என்றாள். எப்போது என்றேன். "பாக்கலாங்க" என்றாள். நேற்றுவரை வா, போ. இன்றைக்கு 'ங்க' எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஏதோ கோபம். தையல்காரிகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

செப்டம்பர் 22, திங்கள்

நான் இந்த ஊருக்குப் பிடித்தவளாகிவிட்டேன். மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. சந்தகையும் தேங்காய்ப் பாலும், கொள்ளுப் பருப்பு, கச்சாயம். கழுவிய வட்டலைத் திருப்பிக் கொடுக்கப் போனால் யாரும் வாங்குவதில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்கிறார்கள். சமையலறையில் அடுத்தவர் பாத்திரம் அடுக்கிக் கிடக்கிறது.

குழந்தைவேல் என்ன பழம் பிடிக்கும் என்று கேட்டார். பலா என்றேன். அவரும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நம்ம தோட்டத்து மரம் ரோட்டோரமே இருக்குது" என்றாள் அவள், அவரிடம்.

செப்டம்பர் 25, வியாழன்

குழுக் கூட்டம். தேனீக்குப் பயந்து யானை விலகும் தேன்பெட்டி வேலியைப் பற்றிப் பேசக் கூட்டினால் இவர்கள் என் ஊரைப் பற்றியே கேட்கிறார்கள். திருவாரூர் எந்தத் திசை, வழியில் எத்தனை ஆறு, தண்ணீர் எப்போதும் ஓடுமா, ரயில் ரோட்டைத் தாண்ட வேண்டுமா, வீட்டைச் சுற்றி இடம் இருக்கிறதா. "நடந்தே போனா ரொம்ப நாளாகுங்களா?" என்றார் ஒருவர், கவலையாக. பஸ் இருக்கிறதே என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால், கொஞ்ச நாளாக இந்த ஊரில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. குழந்தைகள்கூட. அன்றைக்கு ஒரு குழந்தை என் பக்கம் ஓடி வந்தது, பின்னாலேயே வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆறுச்சாமி இப்போது என்னைத் தனியாக விடுவதில்லை. கடைக்குப் போனாலும் முன்னால் நடக்கிறார். காலையில் கதவைத் திறக்கும்முன் வாசல் கல்லில் அந்த இரண்டு தட்டு கேட்டுவிடுகிறது. இன்று அவர் வீட்டைத் தாண்டும்போது உள்ளே ருக்குமணியின் குரல். "முன்னால போறவியதான் அதுக்கு முன்னால நிக்கோணும், அது ஆருன்னு பாக்குமா?" அவர் பதில் சொன்னது காதில் விழவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம், நான் நிற்கவில்லை.

சாயங்காலம் புதுசு என் பின்வாசலுக்கு நேரே ஓடையில் நின்றது. தண்ணீர் குடிக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. குழந்தைவேல் தோட்டத்தில் மோட்டாருக்குப் பொட்டு வைத்து, பொரி கொடுக்கக் கூப்பிட்டிருந்தார். வீட்டுக்குள் முதல் தடவையாக விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். சுவரில் மாலை போட்ட படம். கீழே பேர்: மாராத்தாள்.

"எங்கம்மாங்க" என்றார்.

"யானைக்கும் அதே பேரு?"

"அது அடிச்சுத்தானுங்க அம்மா போச்சு. அடிச்ச யானைக்கு அடிபட்டவிய பேரு. அப்பறம் அதுலதான் அவிய வருவாங்க. வந்தா மொகம் பாக்கக் கூடாது, கதவச் சாத்திட்டு உள்ளருந்து பேசிக்கலாம். எங்கம்மாளுக்குச் சோளம்னா உசுரு."

"யாரையும் அடிக்காத யானைக்கு?"

அவர் பொரித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். முகத்தைப் பார்க்கவில்லை. "அதுக்குப் பேரு வெக்கறதில்லீங்க."

பொரி வாயில் மாவாகி ஒட்டிக்கொண்டது. வட்டல்கள், பலா மரம், எத்தனை ஆறு என்ற கேள்வி, டேப்பைச் சுருட்டி வைத்த ருக்குமணி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. பேர் முதலில் வந்துவிட்டது, அது என்னை அடிப்பதுதான் பாக்கி. இவர்கள் என்னிடம் பிரியமாக இருக்கவில்லை. என் வீட்டில் துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், என்னிடமே.

எனக்குக் கோபம்தான் வந்தது. திரும்பும்போது ஆறுச்சாமியிடம் கத்தினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அந்தப் பேர எழுதறப்ப நான் பக்கத்துலதானுங்க நின்னேன். கையப் புடிச்சிருக்கோணும். வெளியூர்க்காரியளுக்கு இது ஒட்டாதுன்னு நெனச்சுட்டேன்."

பேரை இப்போதே அழித்துவிடுகிறேன் என்றேன். "போன்ல அழிச்சா ஆகாதுங்க. வெச்சவிய அதுகிட்டயே சொல்லி எடுக்கோணும். அதுகிட்டப் போயி நின்னு ஆருங்க சொல்றது?" என்றார்.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டு நாளாக வெளியே போகவில்லை. தலைவலி. இது சரிப்படாது. அறிவியல் படித்தவள் நான். நாளைக் காலை காட்டோரம் தேன்பெட்டி வேலியைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வேலை வேலைதான், வேறு காரணம் எதுவும் இல்லை.

அக்டோபர் 4, சனி

ஆறுச்சாமி இறந்துவிட்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

எழுதிவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறுச்சாமியை வரவேண்டாம் என்றேன். அவர் செருப்பைத் தட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தார். உண்ணிச்செடி அடைத்த பாதை. வளைவுக்கு வந்ததும் கையைப் பின்னால் நீட்டி என்னை நிறுத்திவிட்டு அவர் மட்டும் போனார். கிளை முறிகிற சத்தம். "சுடரு" என்று ஒரு தடவை கேட்டது. அவர் என் பேரை அதற்கு முன் சொன்னதே இல்லை. என்னைப் போகச் சொன்னாரா, அதைக் கூப்பிட்டாரா, தெரியவில்லை. நான் ஓடவில்லை.

அது வளைவில் வந்து நின்றது. ஒற்றைக் கொம்பில் அவருடைய துண்டு. என்னை நெடுநேரம் பார்த்தது. பிறகு திரும்பிக் காட்டுக்குள் போயிற்று.

வேலியை இன்னொரு நாள் பார்த்திருக்கலாம். பெட்டியில் தேனீ ஓடியா போகப்போகிறது? ருக்குமணி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

அந்த யானை தினமும் பொழுதோடு ருக்குமணி வீட்டுப் பின்சுவரோரம் வந்து நிற்கிறது. எச்சரிக்கை அனுப்பப் போனை எடுத்தேன். என்ன பேர் சொல்வது? என் பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆறுச்சாமி பேரைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? "ஒற்றைக் கொம்பு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பேரில்லாத யானைக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். தகரம், பட்டாசு. ருக்குமணி ஓடி வந்து சுவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டாள். "எறியாதீங்கடா, அவருதான், அவருதான்" என்று கத்தினாள். அவள் முதுகுக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் அது நின்றது. குழந்தைவேல் அவளை இழுத்து வந்தார். "அது அவரில்ல ருக்குமணி. அதுக்கு வேற பேரு கெடக்குது" என்றார். அப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மடுவுக்காட்டில் யாரும் கொண்டாடவில்லை. அம்மா போனில் புதுப் புடவை கட்டினாயா என்றாள். கட்டினேன் என்றேன்.

அக்டோபர் 22, புதன்

மாற்றல் கேட்டு எழுதினேன். உடனே கொடுத்துவிட்டார்கள். பெட்டியைக் கட்டும்போது குழந்தைவேல் வந்து வாசலிலேயே நின்றார்.

"ருக்குமணி சொல்லச் சொல்லுச்சுங்க. எங்கம்மாளுக்கு ஒரு எடம் கெடைச்சுது. ரங்கசாமி அண்ணனுக்குக் கெடைச்சுது. அவருக்கு மட்டும் எடமில்லாமப் போச்சு. அதுல நீங்க இருக்கறீங்க. நீங்க எறங்காம அவரு ஏற முடியாது. வூட்டு வாசல்ல வந்து நின்னுட்டு உள்ள வர முடியாத ஆளாட்ட நிக்கறாரு. பொம்பள ராத்திரியெல்லாம் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்குது."

நான் என்ன செய்ய வேண்டும் என்றேன்.

"வெச்சத எடுக்கோணுங்க. அதுகிட்டயே."

இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்க நினைத்தேன். பெட்டியைத் திறந்து துணிகளைத் திரும்பவும் கொடியில் போட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று சாயங்காலம் ருக்குமணி வீட்டுக்குப் போனேன். ஐந்தாறு நாளாக அது வரவில்லை, இன்று வரும் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. விளக்கை அணைத்தாள். பின்னறையில் தரையில் உட்கார்ந்தோம். மண் சுவர், மேலே தகரக் கூரை. தையல் மிஷின் மேல் ஆயுத பூஜைக்கு ஆறுச்சாமி வைத்த பொட்டு இன்னும் இருந்தது.

முதலில் வாசனை வந்தது, பிறகு சுவர் லேசாக அதிர்ந்தது. முதுகைத் தேய்க்கிறது என்று எனக்குத் தெரியும். சுவரின் அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேரே, மூச்சு. நான் மூச்சை இழுத்தால் அதுவும் இழுத்தது. நிறுத்தினால் நிறுத்தியது. இருமிப் பார்த்தேன், காத்திருந்து பார்த்தேன். என் மூச்சைவிட்டு அது பிரியவில்லை.

ருக்குமணி என் கையைத் தொட்டாள்.

"நான் வைத்த பேரை எடுத்துக்கிறேன்" என்றேன். குரல் என்னுடையதாகவே இல்லை. "தெரியாம வச்சிட்டேன். உன் பேர் சுடர் இல்லை. அது நான். நான் இங்கே உயிரோட உட்கார்ந்திருக்கேன்." "நீங்க ஆறுச்சாமி."

மூச்சு நின்றது. என்னுடையது ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு பின்வாசல் கல்லில் இரண்டு தட்டு.

கொம்பு கல்லில் பட்டிருக்கும். யானைகள் கொம்பைக் கல்லில் தட்டுவது சகஜம். நான் அப்படித்தான் எழுதி வைக்கிறேன்.

ருக்குமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்து, சாதாரணமாகப் பேச ஆரம்பித்தாள். ஆடு ஈன்றது, கடைசி மகளுக்குக் காய்ச்சல் விட்டது, குழந்தைவேல் வந்து தகரத்தை மாற்றிக் கொடுத்தது. "அந்தத் துண்டு எங்க போட்டீங்க?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் மூச்சு மறுபடி ஓடியது, நிதானமாக, என்னுடையதோடு சேராமல். நான் போனை எடுத்து, குரலைத் தாழ்த்தி, "ஆறுச்சாமி அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார், எல்லாரும் உள்ளே இருங்கள்" என்று பதிவு செய்து அனுப்பினேன். ஊரில் ஒவ்வொரு விளக்காக அணைவது சன்னல் வழியே தெரிந்தது.

அது போன பிறகுதான் ருக்குமணி எழுந்து விளக்கைப் போட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மிஷினுக்கு அடியிலிருந்து என் மயில்கழுத்துத் துணியை எடுத்து உதறினாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னை எழுந்து நிற்கச் சொன்னாள். தோள், கை, மார்பு, இடுப்பு. அவள் விரல் சில்லென்று இருந்தது. ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே சாக்கட்டியால் துணியில் குறித்தாள்.

"எளச்சுப் போயிட்ட" என்றாள். "வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்கோ சுடரு."